எது எம் கையில், எது எம் கையில் இல்லை?

அப்போஸ்தலர் நடபடிகள் 17 ஆம் அதிகாரத்தை வாசித்தவர்களுக்கு 'ஸ்தோயிக்கர்' என்ற சொல் புதிதல்ல. பவுல் ஏதென்ஸ் நகரில் (வேதாகமத்தில் அத்தேனே) பேசித் திரிந்தபோது அவருடன் வாதாடியவர்களில் எப்பிக்கூரரும் ஸ்தோயிக்கரும் இருந்தார்கள் என்று அங்கே சொல்லப்படுகிறது. வாசிப்பில் அச்சொல் வரும்போது நாம் அதைக் கடந்து போய்விடுகிறோம். யார் இவர்கள், எதைப் போதித்தார்கள் என்று விசாரிப்பதில்லை. விசாரித்துப் பார்த்தால், எமது வாசகர்களுக்கு மிகக் கிட்டிய ஒரு வரலாறு அதற்குள் இருப்பது தெரியவரும். இந்தத் தத்துவத்தைத் தொடங்கியவரும் வளர்த்தவர்களில் பலரும் ஊரையோ உடைமையையோ இழந்தவர்கள், அல்லது நாடு கடத்தப்பட்டவர்கள். பிறர் தோட்டத்துக்குக் கூலிக்குத் தண்ணீர் இறைத்துப் பிழைத்தவரும் அவர்களுள் ஒருவர்.

முதல்வர் சீனோ. சைப்பிரஸ் தீவிலுள்ள கித்தியம் என்ற துறைமுகப் பட்டினத்து வணிகர். ஊதாச் சாயம் ஏற்றிவந்த அவரது கப்பல் ஏதென்சின் துறைமுகத்துக்கு அண்மையில் உடைந்தது என்பது பழைய வரலாறு. கரையேறி நகருக்குள் போனவர் ஒரு புத்தகக் கடையில் குந்தினார். கடைக்காரர் சோக்கிரத்தீசைப் பற்றிய நூலொன்றை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட மனிதரை எங்கே காணலாம் என்று சீனோ கேட்க, அவ்வேளை தெருவால் போன ஒரு தத்துவ ஆசிரியரைக் கடைக்காரர் கைகாட்டி விட்டார். சீனோ அவர் பின்னே போனார். பின்னர், கி.மு. 300 அளவில், நகரின் நடுவே சித்திரங்கள் தீட்டிய ஒரு தூண் மண்டபத்தில் தாமே போதிக்கத் தொடங்கினார். அத்தகைய மண்டபத்துக்குக் கிரேக்க மொழியில் 'ஸ்தோவா' என்று பெயர். ஸ்தோயிக்கர் என்றால் மண்டபத்தார் என்பதே பொருள்.

சீனோவுக்குப் பின் அந்தப் பள்ளியை நடத்தியவர் கிளியாந்தெஸ். இவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். குத்துச்சண்டை வீரராக இருந்தவர். நான்கு வெள்ளிக் காசுகளுடன் ஏதென்சுக்கு வந்து சேர்ந்தார். பகலில் படிப்பு, இரவில் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைப்பு. 'கிணற்றில் அள்ளுபவன்' என்ற பட்டப்பெயரையும் ஊரார் வைத்துவிட்டார்கள். எழுதுவதற்குத் தாள் வாங்கக் காசில்லாமல் சிப்பி ஓடுகளிலும் மாட்டின் தோள் எலும்புகளிலும் குறிப்பெழுதினாராம். பகல் முழுவதும் ஆசிரியரின் காலடியில் இருக்கும் இவன் எதைத் தின்று இவ்வளவு திடமாக இருக்கிறான் என்று சந்தேகப்பட்ட அதிகாரிகள் அவரை மன்றில் நிறுத்தினார்கள். அவர் இரண்டு சாட்சிகளைக் கொண்டுவந்தார். ஒருவர் அவர் நீர் இறைத்த தோட்டத்தின் சொந்தக்காரர். மற்றவர் மாவு விற்கும் ஒரு பெண். அவரிடமும் கிளியாந்தெஸ் கூலிவேலை செய்திருந்தார். மன்றத்தார் மெச்சி அவருக்குப் பணம் கொடுக்கத் தீர்மானித்தார்கள். அது அரியோபாகு மன்றம். பவுல் நின்ற மார்ஸ் மேடைக்குக் கிரேக்கத்தில் அதே பெயர்தான். பணத்தை வாங்க வேண்டாம் என்று சீனோ தடுத்துவிட்டார். (தடுத்தது சரிதானா என்று எங்களுக்குள் வாக்குவாதம் உண்டு. உழைத்துக் களைத்தவனுக்குக் கிடைத்த உதவியை மற்றவர் மறுக்கலாமா?)

அடிமையும் கையேடும்

இந்தப் போதனையை எளிய மனிதருக்கும் விளங்கும்படி சொன்னவர் எபிக்டீற்றஸ். கி.பி. 50 அளவில், இன்றைய துருக்கியிலுள்ள கியராப்போலி என்ற ஊரில் பிறந்தார். கொலோசெயர் நிருபத்தின் கடைசி அதிகாரத்திலும் அந்த ஊரின் பெயர் வருகிறது. அவர் ஓர் அடிமை. 'எபிக்டீற்றஸ்' என்பதற்கே 'வாங்கப்பட்டவன்' என்றுதான் பொருள். தாய் தந்தையர் இட்ட பெயரென்று அதைச் சொல்ல முடியாது. ரோமாபுரியில் நீரோ மன்னனின் செயலாளனாக இருந்த ஒருவனின் வீட்டில் வேலை செய்தார். ஒரு கால் ஊனம். எசமான் முறித்தான் என்று ஒரு மரபும், நோயினால் வந்தது என்று இன்னொரு மரபும் உண்டு.

அடிமையாக இருக்கும்போதே படிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. பிறகு விடுதலையும் கிடைத்தது. ரோமாபுரியில் போதித்துக்கொண்டிருந்தபோது, முதலாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், பேரரசன் டொமிசியன் தத்துவ ஆசிரியர்கள் அனைவரையும் நகரைவிட்டு வெளியேறச் சொன்னான். எபிக்டீற்றஸ் கடல் கடந்து கிரேக்கத்தின் மேற்குக் கரையிலுள்ள நிக்கொப்போலி நகருக்குப் போய், வாழ்நாள் முடியும்வரை அங்கேயே பள்ளி நடத்தினார். பவுல் தீத்துவுக்கு எழுதிய நிருபத்தில் மாரிகாலத்தைக் கழிக்கத் தீர்மானித்ததாகச் சொல்லும் நிக்கொப்போலி பெரும்பாலும் இதுவே என்பர்.

அந்த நகரத்தின் வரலாற்றையும் கவனிக்க வேண்டும். கி.மு. 31 இல் அக்தியம் கடற்போரில் வென்ற ஒக்ரேவியன், பின்னாளில் அகுஸ்து இராயன் என அழைக்கப்பட்டவன், தன் வெற்றியின் நினைவாகக் கட்டிய நகரம் அது. பெயரே 'வெற்றி நகரம்'. ஆனால் நகரம் கட்டினால் போதுமா? குடிகள் வேண்டுமே. சுற்றுவட்டாரத்துப் பழைய ஊர்களின் மக்களை எழுப்பிக் கொண்டுவந்து அங்கே குடியேற்றினார்கள். அவர்கள் விட்டுவந்த ஊர்களிற் சில பாழடைந்தன. ஆக, எபிக்டீற்றஸ் பேசிய தெருக்களில் நடந்தவர்கள், முன்னொரு காலத்தில் தம் ஊரிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். இதை அவர் போதனையோடு சேர்த்து யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எங்களுக்கு அது சிறிய விடயமாகப் படவில்லை.

அவர் தாமாக ஒன்றும் எழுதவில்லை. மாணவராக இருந்த அரியானஸ் குறிப்பெடுத்தார். அவை எட்டுப் புத்தகங்களாக இருந்தன. நான்கு இன்றும் உள்ளன. அவற்றைச் சுருக்கி ஒரு சிறிய கையேடும் செய்யப்பட்டது.

அந்தக் கையேடு ஒரே ஒரு பிரிப்போடு தொடங்குகிறது. உலகில் உள்ளவற்றை இரண்டாகப் பிரித்துப் பார் என்கிறார். எமது எண்ணம், எமது முயற்சி, எதை விரும்புகிறோம், எதை வெறுக்கிறோம் என்பன எம் கையில் உள்ளவை. உடல், சொத்து, பிறர் எம்மைப் பற்றிச் சொல்வது, பதவி ஆகியன எம் கையில் இல்லாதவை. இரண்டாவது வகையை முதலாவதாக எண்ணிக்கொண்டால் மனிதன் தடுமாறுவான், புலம்புவான், எல்லாரையும் குறை சொல்வான். பிரித்து அறிந்துகொண்டால் ஒருவராலும் அவனைக் கட்டாயப்படுத்த முடியாது. இதுதான் சாரம்.

கேட்கும்போது இலேசாக இருக்கிறது. சொத்து எம் கையில் இல்லை என்பதை எமது வாசகர்களுக்கு ஓர் அடிமை வந்து சொல்லவும் தேவையில்லை. 1990 இலும் 1995 இலும் 2009 இலும் ஒரே நாளில் வீடு, வளவு, மாடு கன்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தவர்கள் அதை எந்தத் தத்துவ ஆசிரியரையும்விட நன்றாக அறிவார்கள். ஆனால் எபிக்டீற்றஸ் நிற்கும் இடம் அதுவல்ல. போனது போகட்டும் என்று சொல்வதற்காக அவர் இந்தப் பிரிப்பைச் செய்யவில்லை. மிஞ்சியிருப்பது என்ன, அதை வைத்து இன்று காலை என்ன செய்யலாம் என்பதைக் கண்டுபிடிக்கவே செய்தார்.

இதற்கு அவர் சொன்ன உதாரணம் கப்பற் பயணம். பயணம் போகிறவனுக்கு என்ன செய்ய முடியும்? நல்ல மாலுமியைத் தெரியலாம். நாளையும் நேரத்தையும் தெரியலாம். நடுக்கடலில் புயல் வந்தால் அது மாலுமியின் வேலை. தெரிய வேண்டியதைத் தெரியாமல் ஏறிவிட்டுப் புயலைத் திட்டுவதும் பிழை. எல்லாவற்றையும் பார்த்து ஏறியபின் புயல் வந்ததற்காகத் தன்னையே நொந்துகொள்வதும் பிழை. இந்த இரண்டாவது பிழைதான் எம்மிடையே அதிகம் என்று நினைக்கிறோம். 'அன்றைக்கு மற்ற வழியால் போயிருந்தால்', 'ஒரு கிழமைக்கு முன்னரே வெளிக்கிட்டிருந்தால்' என்று ஆண்டுக்கணக்காகத் தம்மையே தண்டித்துக்கொண்டிருக்கும் தாய் தந்தையரை நாம் காண்கிறோம். அன்று அவர்கள் அறிந்திருந்ததை வைத்து, அன்று இருந்த வழிகளில் ஒன்றைத் தெரிந்தார்கள். எறிகணை எங்கே விழும் என்பது அவர்கள் தெரிவில் இருக்கவில்லை.

வில்லாளியின் உதாரணமும் ஸ்தோயிக்கரிடம் உண்டு. சிசரோ அதை எழுதி வைத்திருக்கிறார். குறிபார்ப்பதும் நாணை இழுப்பதும் வில்லாளியின் வேலை. அம்பு கையை விட்டபின் காற்று அடிக்கலாம், இலக்கு நகரலாம். வில்லாளி தன்னால் முடிந்தது எல்லாவற்றையும் செய்துவிட்டால் அவன் வேலை நிறைவேறிவிட்டது.

கமக்காரருக்கு வில்லும் வேண்டாம், கப்பலும் வேண்டாம். விதைநெல்லைத் தண்ணீரில் இட்டு மிதப்பதை அகற்றுவது, வரம்பு கட்டுவது, பருவம் பார்த்து விதைப்பது எம் கையில். மழை எம் கையில் இல்லை, அறுவடை நாளில் சந்தை விலை எம் கையில் இல்லை. இதை அறியாத கமக்காரன் இல்லை. அறிந்தும் ஒவ்வொரு பெரும்போகத்துக்கும் விதைக்கிறான். ஏதென்ஸ் மண்டபத்தில் வாதாடிக் கண்டுபிடித்ததை வயல் வரம்பில் எம் பாட்டன்மார் செய்துகொண்டேயிருந்தார்கள். கஷ்டம் எங்கே வருகிறதென்றால், வயலில் இலகுவாகச் செய்யும் இந்தப் பிரிப்பை முகாமிலும் மீள்குடியேறிய ஊரிலும் கச்சேரி வாசலிலும் செய்ய மறந்துவிடுகிறோம்.

காணி விடயத்தைப் பார்ப்போம்

போர் 2009 இல் முடிந்தது. ஆயினும் எல்லாக் காணிகளும் அவற்றின் சொந்தக்காரரிடம் திரும்பி வந்துவிடவில்லை. காணி எப்போது விடுபடும் என்பது விண்ணப்பித்தவரின் கையில் இல்லை. இதை மனம் ஏற்றுக்கொள்ள மறுக்கிறது. ஆகவே அடுத்த மாதம் விடுவார்கள் என்று ஒருவர் சொன்னதை நம்பி விதைப்பைக் கைவிடுகிறோம். விடமாட்டார்கள் என்று இன்னொருவர் சொன்னதைக் கேட்டு உறுதியைத் தேடுவதையே கைவிடுகிறோம். இரண்டிலும் எமது செயலின் கயிற்றை மற்றவன் வாய்க்குக் கொடுத்துவிட்டோம்.

எம் கையில் உள்ளவை எவை? உறுதியோ அனுமதிப்பத்திரமோ தொலைந்திருந்தால் பிரதிக்கு விண்ணப்பிப்பது. விண்ணப்பம் கொடுத்த திகதியையும் வாங்கியவரின் பதவியையும் ஒரு கொப்பியில் குறித்து வைப்பது. நான்கு எல்லையையும், கிணறு இருந்த இடத்தையும், பக்கத்துக் காணிக்காரரின் பெயரையும் மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுவது. தனியாகப் போவதற்குப் பதிலாக ஒரே ஒழுங்கையில் இருந்த பத்துக் குடும்பங்கள் சேர்ந்து மனுக்கொடுப்பது. பதில் வராவிட்டால் மறுபடியும் கேட்பது. பிள்ளைகளுக்கு அந்த வயலின் பெயரைச் சொல்லிக்கொடுப்பது. அலுவலரின் பதில் மட்டும்தான் எம் கையில் இல்லை.

கேட்பது எம் கையில் உள்ளது என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்தத் தத்துவத்தைச் சிலர் தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். 'உங்கள் கையில் இல்லாததை விட்டுவிடுங்கள்; மனதைச் சமாதானப்படுத்திக்கொள்ளுங்கள்' என்று, கொடுக்க வேண்டியவர்களே கொடாமல் இருந்துகொண்டு உபதேசம் பண்ணுகிறார்கள். அது ஸ்தோயிக்கம் அல்ல. பறித்தவனின் கையில் உள்ளது திருப்பிக் கொடுப்பது. அதிகாரியின் கையில் உள்ளது கோப்பைத் திறப்பது. அவரவர் கையில் உள்ளதை அவரவர் செய்ய வேண்டும் என்றுதான் அந்தப் போதனை சொல்கிறது. எபிக்டீற்றஸ் ஒவ்வொருவரின் பொறுப்புக்கும் உரிய கடமையைப் பற்றியும் நிறையப் பேசியிருக்கிறார். இந்தப் பிரிப்பைத் தனக்குத் தானே செய்துகொள்ளலாம். இன்னொருவனின் துன்பத்தின்மேல் நின்று அவனுக்காகச் செய்து கொடுக்கக் கூடாது. தொண்டு நிறுவனங்களில் வேலை செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கும் இது பொருந்தும்.

ஒரு குறையையும் மறைக்க வேண்டியதில்லை. அடிமையும் மனிதனே, அவனோடு ஒரே மேசையில் உண்ணலாம் என்று செனேக்கா போன்றவர்கள் எழுதினார்கள். ஆனால் அடிமை முறையையே ஒழிக்க வேண்டும் என்று பண்டைய ஸ்தோயிக்கர் கிளம்பவில்லை. மனதின் விடுதலையைப் பற்றி அவ்வளவு பேசியவர்கள் கால் விலங்கைப் பற்றிக் குறைவாகவே பேசினார்கள்.

செனேக்காவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. கொரிந்துவில் பவுலை நிறுத்தி விசாரிக்க மறுத்த கல்லியோன் இவருடைய அண்ணன். கி.பி. 41 முதல் 49 வரை செனேக்கா கோர்சிக்காத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டிருந்தார். எங்கே போனாலும் அதே வானம்தான், கவலைப்படாதீர்கள் என்ற கருத்தில் அங்கிருந்து தாயாருக்கு நீண்ட ஆறுதல் எழுதினார். அதே தீவிலிருந்து, அரண்மனையில் செல்வாக்குள்ள ஒருவருக்குப் புகழ்மாலை சூட்டி இன்னொரு கடிதமும் எழுதினார். தம்மைத் திருப்பி அழைப்பார்கள் என்ற எண்ணம் அதில் நன்றாகவே தெரிகிறது. இதைக் காட்டி அவரை ஏளனம் செய்பவர்கள் உண்டு. எட்டு ஆண்டுகள் ஊரைப் பிரிந்திருந்தவன் ஊருக்குப் போக விரும்பியதை நாங்கள் ஏளனம் செய்யமாட்டோம்.

தண்ணீரில்லாத் தீவில் ஓர் ஆசிரியர்

எபிக்டீற்றசுக்குப் படிப்பித்தவர் முசோனியஸ் ரூபஸ். இவரது பெயர் வெளியே அதிகம் தெரியாது. எமது வாசகர்கள் ஒரேயொரு ஸ்தோயிக்கரை நினைவில் வைத்திருக்க வேண்டுமானால் இவரைத்தான் நாங்கள் சொல்வோம். கி.பி. 65 இல் நீரோ இவரைக் கியாரொஸ் என்ற சிறு தீவுக்கு நாடு கடத்தினான். அத் தீவைப் பற்றி ஒரு செய்தி உண்டு: கி.பி. 24 இல் ஒரு குற்றவாளியை அங்கே அனுப்பலாமா என்ற பேச்சு வந்தபோது, அங்கே தண்ணீர் இல்லை, உயிரைக் கொடுத்தால் உயிர் வாழ்வதற்கு வேண்டியதையும் கொடுக்க வேண்டும் என்று கூறித் திபேரியு இராயனே மறுத்துவிட்டான். கொடியவன் என்று பெயரெடுத்த மன்னனே மறுத்த இடம். (இருபதாம் நூற்றாண்டிலும் கிரேக்க அரசுகள் 1947 முதல் பல தடவைகளில் அரசியற் கைதிகளை அதே தீவில் வைத்திருந்தன. மனிதர் பழைய பாடங்களில் இதைத்தான் மறப்பதில்லை போலும்.)

முசோனியஸ் அங்கே ஒரு நீரூற்றைக் கண்டுபிடித்தார் என்று பிற்காலத்து நூலொன்று கூறுகிறது. அதைக் காணவும் அவரோடு பேசவும் கிரேக்கர் படகேறி வந்தார்களாம்.

அவருடைய உரைகளின் குறிப்புகளாக 21 இன்று உள்ளன. அவற்றுள் இரண்டு எம்மைப் பற்றியதென்றே சொல்லலாம். ஒன்று நாடு கடத்தப்படுவதைப் பற்றியது. நானும் அப்படிப்பட்டவனே என்று சொல்லிக்கொண்டுதான் பேசுகிறார். நிலம், நீர், காற்று, சூரியன் ஆகியவற்றை ஒருவரும் எம்மிடமிருந்து பறிப்பதில்லை; மனிதரோடு பழகுவதையும் பறிப்பதில்லை; நல்லவனாக இருப்பதையோ துணிவோடு இருப்பதையோ பறிப்பதில்லை என்கிறார். கூடவே, முயற்சியுள்ளவன் எங்கே போனாலும் சாப்பாட்டுக்குக் கஷ்டப்படமாட்டான், சோம்பேறி சொந்த ஊரிலும் கஷ்டப்படுவான் என்ற கருத்தையும் சொல்கிறார்.

இந்தக் கடைசிக் கருத்தை நாங்கள் அப்படியே ஏற்கவில்லை. முசோனியஸ் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். அவர் மனதில் இருந்தவர்கள் நண்பர்களும் படிப்பும் உடைய தனி மனிதர்கள். மூன்று பிள்ளைகளோடும் படுக்கையில் கிடக்கும் மாமியாரோடும் தறப்பாளுக்குள் வந்து சேர்ந்த கமக்காரக் குடும்பத்துக்கு முயற்சி குறைவு அல்ல, நிலந்தான் குறைவு. கமக்காரன் நிலத்தை இழப்பது, தச்சன் தன் உளியையும் கையையும் சேர்த்து இழப்பது போன்றது.

இதை அவர் முற்றாக அறியாதவர் என்றும் சொல்ல முடியாது. மற்ற உரை தத்துவம் படித்தவனுக்கு ஏற்ற தொழில் எது என்பதைப் பற்றியது. அவர் தெரிந்தது கமம். அடுத்தது ஆடு மாடு மேய்த்தல். சொந்த நிலமாக இருந்தாலென்ன, பிறருடையதாகவோ அரசினுடையதாகவோ இருந்தாலென்ன, அதில் உழைத்துத் தம்மையும் மனைவி மக்களையும் காப்பவர் பலர் என்கிறார். தன்னைக் கவனிப்பவனுக்கு மண் பல மடங்காகத் திருப்பிக் கொடுக்கும் என்கிறார். மாணவர்கள் நகரத்து மண்டபத்தில் இருந்து கேட்பதைவிட, ஆசிரியரோடு சேர்ந்து வயலில் வேலை செய்துகொண்டே கற்பது நல்லது என்பதும் அவர் எண்ணம். கமவேலை உடலுக்குக் கஷ்டம் கொடுத்தாலும் மனதைச் சிந்திக்க விடுகிறது என்று அவர் காரணம் காட்டுகிறார். ரோமாபுரியின் பெரிய மனிதர்கள் கைவேலையைக் கீழாகப் பார்த்த காலத்தில் சொல்லப்பட்டது இது.

குத்தகைக் காணியில் பயிரிட வெட்கப்படுகிறவர்களை நாம் சந்தித்திருக்கிறோம். ஊரில் ஆறு ஏக்கர் வைத்திருந்தவர் இங்கே மற்றவனின் அரை ஏக்கரில் மிளகாய் நடுவதா என்ற தயக்கம். பிறர் பார்வை என்பது எபிக்டீற்றஸ் எம் கையில் இல்லை என்று ஒதுக்கிய பட்டியலில் உள்ளது. அரை ஏக்கரும் மம்பட்டியும் மற்றப் பட்டியலுக்குக் கிட்ட நிற்கின்றன.

பெண் பிள்ளைகளுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் ஒரே கல்வியைக் கொடுக்க வேண்டும், பெண்களும் தத்துவம் படிக்க வேண்டும் என்றும் முசோனியஸ் இரண்டு உரைகளில் வாதிட்டார். கணவனை இழந்தோ தேடிக்கொண்டோ தனியாகக் குடும்பத்தைக் கொண்டுசெல்லும் தாய்மார் இதைப் படிக்கும்போது நினைத்துக்கொள்ளட்டும் என்பதற்காகக் குறிப்பிடுகிறோம்.

திகதி குறிப்பவர்கள்

அந்தக் கையேடு எமது காலத்திலும் ஒரு சிறைக்குள் போயிற்று. ஜேம்ஸ் ஸ்ரொக்டேல் அமெரிக்கக் கடற்படை விமானி. 1965 செப்டெம்பர் 9 ஆம் திகதி வட வியற்நாமில் அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. குண்டு போட வந்தவர் அவர் என்பதையும், குண்டுகள் விழுந்த மண்ணில் எம்மைப்போன்ற நெற்செய்கைக்காரர் இருந்தார்கள் என்பதையும் மறக்காமலே இக்கதையைச் சொல்கிறோம். கால் முறிந்து, 1973 பெப்ரவரி வரை ஏழரை ஆண்டுகள் ஹனோயில் சிறையிருந்தார். சித்திரவதையையும் தனிச் சிறையையும் அனுபவித்தார். பல்கலைக்கழகத்தில் படித்தபோது ஓர் ஆசிரியர் கொடுத்த எபிக்டீற்றஸின் கையேடு அவருக்கு மனப்பாடம் போல் இருந்தது. நொண்டிக் கால் அடிமை ஒருவனின் பாடம், நொண்டிக் காலோடு சிறையில் கிடந்தவனுக்கு உதவியது.

சிறையில் யார் தாக்குப்பிடிக்கவில்லை என்று பின்னாளில் அவரிடம் கேட்டார்கள். நத்தாருக்கு முன் விட்டுவிடுவார்கள் என்று திகதி குறித்தவர்கள் என்றார். நத்தார் வந்து போகும். உயிர்த்த ஞாயிறு என்பார்கள். அதுவும் போகும். மறுபடி நத்தார் வரும். அப்படியே மனம் உடைந்துபோனார்கள் என்றார். முடிவில் வெளியே வருவோம் என்ற நம்பிக்கையை அவரும் விடவில்லை. திகதியை மட்டும் குறிக்கவில்லை. இன்றைய நிலை எவ்வளவு மோசம் என்பதை உள்ளபடி பார்த்துக்கொண்டார்.

தைப்பொங்கலுக்கு ஊரில் நிற்போம், சித்திரைக்கு நிற்போம், பள்ளிக்கூடம் தொடங்கமுன் நிற்போம் என்று நாம் குறித்த திகதிகள் எத்தனை? அந்தத் திகதிகளுக்காகக் கிணறு வெட்டாமல் விட்டோம், தென்னம்பிள்ளை நடாமல் விட்டோம், பிள்ளையை அருகிலுள்ள பாடசாலையில் சேர்க்காமல் விட்டோம். ஐந்தாம் ஆண்டில் நட்டிருந்தால் பத்தாம் ஆண்டில் காய்த்திருக்கும். தற்காலிக இடத்தில் மரம் நடுவதை ஊரைக் கைவிட்டதாக எண்ணிய பெரியவர்கள் இருந்தார்கள். அந்த உணர்வு எங்களுக்கு விளங்குகிறது. ஆனால் வெண்டியும் கத்தரியும் ஊர்ப் பற்றை அளப்பதில்லை. வைத்தால் ஆறு, ஏழு கிழமையில் வெண்டி காய்க்கும்; அவ்வளவுதான்.

ஏற்க முடியாதது ஒன்று

பிள்ளையைக் கொஞ்சும்போதே இது சாகக்கூடியது என்று நினைத்துக்கொள், அப்போது இறந்தாலும் கலங்கமாட்டாய் என்ற கருத்தில் எபிக்டீற்றஸ் ஓரிடத்தில் பேசுகிறார். இதை எத்தனை முறை வாசித்தாலும் எம்மால் ஏற்க முடியவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளில் இருந்து வந்திருக்கிறோம். அழுகையை அடக்குவது ஞானம் என்று அந்த வீடுகளில் சொல்லத் துணிபவன் யார்? முதலில் வரும் நடுக்கமும் கண்ணீரும் ஞானிக்கும் வரும், அவை மனிதனின் இயற்கை என்று பிற ஸ்தோயிக்கர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பக்கமே எங்களுக்குப் பிடித்தது.

எபிக்டீற்றஸின் வாழ்க்கை அந்த வாக்கியத்தைவிட மென்மையானது. அவர் வீட்டில் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. இரும்பு விளக்கொன்று வைத்திருந்தார். அதைக் கள்ளன் கொண்டுபோனான். அடுத்த நாள் மண் விளக்கு வாங்கிக்கொண்டார். அவர் இறந்தபின் அந்த மண் விளக்கை யாரோ ஒருவர் 3,000 வெள்ளிக் காசு கொடுத்து வாங்கினாராம், அதன் வெளிச்சத்தில் படித்தால் தமக்கும் ஞானம் வரும் என்று. நெடுங்காலம் தனியாகவே வாழ்ந்தவர், முதுமையில் ஒரு காரியம் செய்தார். நண்பர் ஒருவர் வறுமையினால் தம் குழந்தையை வெளியே போட்டுவிட இருந்தார். அக்காலத்தில் அது நடக்கிற வழக்கம். எபிக்டீற்றஸ் அந்தக் குழந்தையைத் தாம் எடுத்துக்கொண்டார். பால் கொடுத்து வளர்க்க ஒரு பெண்ணையும் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்.